எத்தனை வாட் வேண்டும்?

கட்டுகஸ்தோட்டையிலிருந்து எமக்கொரு கடிதம் வந்தது. எழுதியவர் நெடுங்காலம் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர். முத்து முத்தான கையெழுத்து. ஓரிடத்திலேனும் அடித்தல் திருத்தல் இல்லை. அவருடைய வினாவின் சாரம் இது: "எங்கள் வீட்டில் 20 வாட் சக்தி கொண்ட அம்பிளிபயர் ஒன்று பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. சில காலமாக அதில் நாதஸ்வரம் கேட்டால் முன்னைப்போலத் தெளிவில்லை. வீணையென்றால் சொல்லவே வேண்டாம். கண்டிக் கடைக்காரர் ஒருவர், அதனைத் தூர எறிந்துவிட்டு 200 வாட் கொண்டதொன்றை வாங்கும்படி சொல்லுகிறார். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் எஞ்சியிருப்பதில் ஒரு பெரும் பங்கு இதற்குப் போய்விடும். வாங்கலாமா?"

கடிதத்தின் அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. "உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் பேத்தி வாங்க வேண்டாமென்கிறாள். ஏனென்று கேட்டால், பௌதிகம் என்கிறாள்."

பேத்தியின் கட்சியில் நாம் அப்பொழுதே சேர்ந்துவிட்டோம் என்பதை மறைப்பானேன்? ஆயினும் ஒரு மனிதரின் சேமிப்புப் பணத்தைப் பற்றிய விஷயத்தில், காரணம் காட்டாமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று. ஆதலின் விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

மாணவர்கள் பாடநூலில் விரியலாக்கி என்று படிப்பதைத்தான் கடைகளில் அம்பிளிபயர் என்கிறார்கள். இசைத்தட்டிலிருந்தோ, ஒலிநாடாவிலிருந்தோ, கைபேசியிலிருந்தோ வரும் நலிந்த மின் அசைவை வலிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதன் தொழில். அது எவ்வளவு சக்தியை அனுப்ப வல்லது என்பதைச் சொல்லுவதே வாட் கணக்கு. 200 வாட் என்றால் 20 வாட்டைப் போலப் பத்து மடங்கு உரத்து ஒலிக்கும் என்று எண்ணுவது இயல்பு. பத்து முட்டை ஒரு முட்டையின் பத்து மடங்குதானே! ஆனால் மனிதச் செவி முட்டைக் கணக்குப் பார்ப்பதில்லை. அது மடக்கைக் கணக்குப் பார்க்கிறது. சக்தியை இரட்டித்தால் ஒலி 3 தெசிபெல் மட்டுமே உயரும். கூர்ந்து கேட்பவர்க்கு வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். ஒலி இரு மடங்கானதுபோலச் செவிக்குத் தோன்ற ஏறக்குறைய 10 தெசிபெல் வேண்டும். அதற்குச் சக்தி பத்து மடங்காக வேண்டும். ஆகவே ஆசிரியர் தம் பணத்தைக் கொடுத்து 20 வாட்டை 200 வாட் ஆக்கிக்கொண்டால், அவர் வாங்குவது அதிகபட்சம் இரு மடங்கு ஓசை. அதுவும் இருக்கிற 20 வாட்டையும் அவர் முழுமையாகச் செலவழித்துக்கொண்டிருந்தால் மாத்திரமே.

செலவழித்துக்கொண்டிருந்தாரா என்பதே கேள்வி.

இங்கே பழைய கதை ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். அப்படையினருக்காக எழுந்த வானொலிக்கு ஏக்கலையிலே 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி அமைக்கப்பட்டது. அது 1946இல் இயங்கத் தொடங்கிற்று. 1949இல் அந்நிலையம் இலங்கையின் கைக்கு வந்தபின், தென்னிந்தியாவெங்கும் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் இலங்கை வானொலி ஒலித்த வரலாற்றை வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கடல் கடப்பதற்கு 100,000 வாட் வேண்டியிருந்தது. ஆனால் மறுமுனையிலே, கேட்பவர் வீட்டு மேசைமேல் இருந்த வால்வுப் பெட்டி அந்த இசையை எத்தனை வாட்டிலே வழங்கிற்று? மின்சாரத்தில் இயங்கியதாயின் பெரும்பாலும் 3 முதல் 5 வாட். தோட்டப் புறங்களிலே உலர் மின்கலத்தில் இயங்கிய பெட்டியாயின் அரை வாட்டுக்கும் குறைவு. அந்த அரை வாட்டைச் சுற்றித்தான் லயத்து முற்றத்திலே பத்துப் பதினைந்து பேர் குந்தியிருந்து பாட்டுக் கேட்டார்கள். ஒலி போதவில்லை என்று எவரும் எழுந்து போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அக்காலத்து ஒலிபெருக்கிகள் இன்றையவற்றினும் சிக்கனமானவை என்பதும் உண்மை. ஒலிபெருக்கி என்பது மகா ஊதாரியான சாதனம். 1 வாட் கொடுத்து 1 மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை தெசிபெல் கிடைக்கிறது என்பதே அதன் உணர்திறன். இக்காலத்து வீட்டு ஒலிபெருக்கிகளில் அது பொதுவாக 85 முதல் 90 வரை இருக்கும். 88 தெசிபெல் ஒலிபெருக்கி தான் உண்ணும் மின்சக்தியில் நூற்றுக்கு அரைப்பங்கையும் ஒலியாக்குவதில்லை. மீதி முழுவதும் கம்பிச் சுருளிலே வெப்பமாகிப் போகிறது. 1946இல் அமெரிக்காவிலே போல் கிளிப்ஸ் என்பவர் வெளியிட்ட பெரிய கொம்பு வடிவ ஒலிபெருக்கி 100 தெசிபெலைத் தாண்டியது. அதற்குச் சில வாட்டே ஏராளம். ஆனால் அது அறையின் மூலை முழுவதையும் அடைத்துக்கொண்டது. 1954இல் எட்கர் வில்ச்சர் என்பவர் காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள்ளிருந்தே ஆழ்ந்த கீழ்ஸ்தாயி ஒலியை வரவழைத்துக் காட்டினார். பெட்டி சிறுத்தது, வீட்டம்மாமார் மகிழ்ந்தனர். ஆனால் உணர்திறன் குறைந்தது. குறைந்ததை ஈடு செய்ய அம்பிளிபயர் வளர்ந்தது. பின்னர் டிரான்சிஸ்டர் வந்து வாட்டை மலிவாக்கிவிட்டது. வாட் போட்டியின் பூர்வீகம் இதுதான்.

மாணவர்கள் ஒரு தாளை எடுத்து நம்முடன் கணக்குப் பார்க்கலாம். ஒலிபெருக்கியின் உணர்திறன் 87 தெசிபெல் என்க. கண்டிப் பக்கத்து நடுத்தர வீட்டு மண்டபத்திலே 3 மீற்றர் தள்ளிக் கதிரை போட்டிருக்கிறோம். தூரத்தினாலே கொஞ்சம் குறையும். அறைச் சுவர்கள் திருப்பியனுப்புவதனாலும், ஒன்றுக்கு இரண்டு ஒலிபெருக்கி இருப்பதனாலும் கொஞ்சம் கூடும். கூட்டிக் கழித்தால், ஒவ்வொன்றுக்கும் 1 வாட் கொடுக்கும்போது கதிரையிலே ஏறக்குறைய 83 தெசிபெல் கிடைக்கும். அது சாதாரண ஒலியன்று. பக்கத்திலிருப்பவரோடு பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டும். குடும்பத்தோடு நிறைவாகக் கேட்பதற்குச் சராசரி 73 போதும். அதற்கு எவ்வளவு சக்தி? பத்திலொரு வாட்!

இங்கேதான் கடைக்காரருக்கும் ஒரு நியாயம் உண்டு. சராசரி வேறு, உச்சம் வேறு. ஆலாபனை ஒழுகிக்கொண்டிருக்கும்போது தவிலிலே ஓர் அடி விழுகிறது. அந்தக் கணத்திலே ஒலி சராசரியினும் 15, சிலவேளை 20 தெசிபெல் மேலே பாயும். 20 தெசிபெல் என்பது நூறு மடங்கு. பத்திலொரு வாட்டின் நூறு மடங்கு 10 வாட். அந்த 10 வாட் இல்லாத அம்பிளிபயர் என்ன செய்யும்? அலையின் தலையை வெட்டிவிடும். தவிலின் 'தீம்' என்ற நாதம் தகரத்தில் தட்டியதுபோலாகும். வெட்டுப்பட்ட அலையிலே மேல் அதிர்வெண்கள் மிகும். அவ்வாறு நெடுநேரம் முறுக்கி வைத்திருந்தால் மேல்ஸ்தாயிக்கான சிறு ஒலிபெருக்கி எரிந்தும் போகலாம். ஆகையால் 10 வேண்டுமிடத்தில் 20 அல்லது 30 வைத்திருப்பது புத்திசாலித்தனமே. உணர்திறன் 82 மட்டுமே உள்ள குட்டி ஒலிபெருக்கியாயின் அதே இசைக்கு 10 வாட் என்பது 32 ஆகிவிடும்; 50 வைத்திருந்தால் நிம்மதி. சராசரி 83இல் கேட்பேன், உச்சமும் சிதையக் கூடாது என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் கணக்கு நேரே 100 வாட்டுக்குப் போகும். 1931இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் அளந்தபோது, பியானோ ஒன்றின் உச்ச ஒலிச் சக்தியே அரை வாட்டுக்குச் சற்றுக் குறைவாயிருந்தது. அதனை வீட்டிலே உள்ளபடி எழுப்ப வேண்டுமானால், முன் சொன்ன ஊதாரி ஒலிபெருக்கிக்கு 100 வாட்டுக்குமேல் கொடுத்தாக வேண்டும். அவ்வாறு கேட்க விரும்புவோரை நாம் தடுக்கவில்லை. அவர்களுடைய அயலவர் தடுக்கக்கூடும்.

அயலவர் என்றதும் நினைவு வருகிறது. கண்டி ஒரு கிண்ணம். மலைச் சரிவிலே ஒரு வீட்டின் கூரைக்கு மேல் அடுத்த வீட்டின் வாசல் இருக்கிறது. இரவிலே ஊர் அடங்கியபின் ஒரு சரிவிலே பேசுவது எதிர்ச் சரிவிலே கேட்கும். இந்நாட்டில் 1996 முதல் இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள் உண்டு. 2007இல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பாவனைக்குக் கடிவாளமிட்டது. அது கோயில், பள்ளி, கூட்டம் முதலியவற்றின் ஒலிபெருக்கிகளைப் பற்றியது என்றாலும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும் இரைச்சல் இரைச்சல்தான்.

விளம்பர வாட் என்று ஒரு பிராணி உண்டு. அதனைப் பற்றியும் எச்சரித்துவிட வேண்டும். சில பெட்டிகளின் முகப்பிலே 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்' என்று பளபளக்கும் ஒட்டுத்தாள் இருக்கும். இதனை அளப்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இல்லை. தயாரித்தவர் மனம்போல் எழுதிக்கொள்ளலாம். பெட்டியைத் திருப்பிப் பின்புறத் தகட்டைப் பாருங்கள். '230 வோல்ட், 40 வாட்' என்று அடக்கமாக எழுதியிருக்கும். சுவரிலிருந்து 40 வாட் உண்ணும் பெட்டி, இடைவிடாது அதனினும் அதிகம் வெளியே தர இயலாது. வீட்டுச் செலவு வரவுக்கு மேற்போனால் என்னவாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அமெரிக்க அரசாங்கம் இத்தகைய கணக்குகளைக் கண்டு சலித்து, தொடர்ச்சியாகத் தரக்கூடிய சக்தியையே விளம்பரத்திற் காட்ட வேண்டுமென்று 1974இல் விதி செய்தது. நம் கடைத்தெருவில் வாங்குவோர் பின்புறத் தகட்டை வாசிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

இனி ஆசிரியர் வீட்டுக்கு வருவோம். கடிதத்தில் பதில் எழுதுவதினும் நேரிற் காண்பது நன்று என்று ஒரு போயா விடுமுறையிலே, ஒரு மல்டிமீற்றரைப் பையில் வைத்துக்கொண்டு போனோம். மகாவலி தெரியும் சரிவிலே அமைந்த வீடு. அண்மையில்தான் புதுப்பித்திருக்கிறார்கள்: தரைக்கு ஓடு பதித்து, மரப் பலகணிகளை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடி போட்டு, மண்டபத்தைப் பளிச்சென்று ஆக்கியிருக்கிறார்கள். ஒலிபெருக்கிகள் இரண்டும் அலுமாரியின் மேலே, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆசிரியரின் சாய்மனைக் கதிரை எதிர்ச் சுவரோரம்.

"ஐயா, நீங்கள் கேட்கிற அளவில் வையுங்கள்" என்றோம். அவர் குமிழைத் திருகினார். பழைய ஒலிநாடாக்களைப் பேத்தி தன் கைபேசிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறாள். அதிலிருந்து நாதஸ்வரம் புறப்பட்டது. எமக்குச் சற்று அதிகமாகவே ஒலித்தது. ஆசிரியர் முகத்திலோ திருப்தியில்லை.

குமிழைத் தொடாமல், அம்பிளிபயரை நிறுத்தி, ஒலிபெருக்கிக் கம்பிகளைக் கழற்றினோம். கைபேசியிலே 60 ஹேர்ட்ஸ் தனிச் சுருதியை முழு அளவிலே ஒலிக்கவிட்டு, கம்பி பூட்டும் இடத்திலே மல்டிமீற்றரை வைத்தோம். 6.3 வோல்ட் காட்டிற்று. பேத்தி நாம் கேட்பதற்கு முன்பே கணக்கைச் சொல்லிவிட்டாள்: "வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் பிரித்தால் சரி. 6.3ஐ 6.3ஆல் பெருக்கினால் 39.7, ஒலிபெருக்கி 8 ஓம், ஏறக்குறைய 5 வாட்." அதாவது அந்தக் குமிழ் நிலையிலே, அந்தக் கைபேசியிலிருந்து எந்த இசை வந்தாலும், அதன் மிக உயர்ந்த பாய்ச்சலுக்குக்கூட 5 வாட் அம்பிளிபயரே போதும். ஆசிரியரிடம் இருப்பதோ 20. முக்காற்பங்கு தூங்கிக்கொண்டிருக்கிறது.

இப்பரிசோதனையை வாசகர்களும் வீட்டிலே செய்து பார்க்கலாம். ஆனால் கம்பிகள் ஒன்றையொன்று தொடலாகாது. வால்வு அம்பிளிபயர் வைத்திருப்பவர்கள் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு இதனைச் செய்யவே கூடாது, அதன் மின்மாற்றி கெட்டுப்போகும்.

பின்னர் பொருள்களை இடம் மாற்றினோம். ஒலிபெருக்கிகளை இறக்கிச் செவி மட்டத்துக்கு இரு முக்காலிகளின் மேல் வைத்தோம். வீட்டிலிருந்த கம்பளத்தை விரித்தோம். கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டோம். 4 மீற்றர் தூரத்திலிருந்த சாய்மனையை 2 மீற்றருக்குக் கொண்டுவந்தோம். தூரம் பாதியானால் ஒலிபெருக்கியிலிருந்து நேரே வரும் ஒலி 6 தெசிபெல் உயரும். அம்பிளிபயரை நான்கு மடங்காக்கியதற்கு அது சமம். செலவு ஒரு சதமும் இல்லை. மறுபடி நாதஸ்வரத்தைப் போட்டோம். கமகங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நின்றன. எதிரொலி அடங்கிவிட்டதனால் தவிலின் இரு முகங்களும் தனித்தனியே கேட்டன. எம் முதுகை நாமே தட்டிக்கொள்ளும் நிலையில் இருந்தோம்.

"தாளம் கூட எவ்வளவு அழகாகக் கேட்கிறது, தாத்தா!" என்றாள் பேத்தி.

"தாளமா? இந்தப் பதிவில் தாளம் எங்கே இருக்கிறது?" என்றார் ஆசிரியர்.

பேத்தி எம்மைப் பார்த்தாள். நாம் அவளைப் பார்த்தோம். தாளக் கருவியின் கணீரென்ற ஒலி ஒவ்வோர் ஆவர்த்தனத்திலும் அந்த மண்டபம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒன்றும் பேசாமல் கைபேசியை எடுத்துத் தனிச் சுருதிகளை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டாள். 1000 ஹேர்ட்ஸில் ஆசிரியர் தலையசைத்தார். 2000இலும் அசைத்தார். 4000இல் சற்று யோசித்தார். 8000இல், "ஏன் நிறுத்திவிட்டாய், போடு" என்றார். அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

வயது முதிர முதிர மேல் அதிர்வெண்களே செவியை விட்டு முதலில் விலகும். தவில் கேட்கும், தாளம் கேட்காது. பாடகரின் குரல் கேட்கும், சொல் விளங்காது. ஒலி குறைந்துவிட்டது என்று எவரும் உணர்வதில்லை. தெளிவு குறைந்துவிட்டது என்றே உணர்கிறார்கள். உணர்ந்ததும் பெட்டியைக் குற்றம் சாட்டுவது மனித இயல்பு. 200 வாட்டை வாங்கியிருந்தால் ஆசிரியர் குமிழை இன்னும் திருகியிருப்பார். கேட்கிற கீழ் ஒலிகள் பூதாகாரமாகியிருக்கும். எஞ்சியுள்ள செவிப்புலனும் தேய்ந்திருக்கும். வயதுவந்தவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 தெசிபெல் என்பதே உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வகுத்த எல்லை. குழந்தைகளுக்கு அது 75. காதுக்குள்ளேயே கருவியைச் செருகிக்கொண்டு பஸ்ஸிலே போகும் மாணவர்கள் இந்த இலக்கங்களைக் குறித்துக்கொள்ளட்டும். அவர்களுடைய கருவிக்கு வாட் கூட வேண்டாம். வாட்டின் ஆயிரத்திலொரு பங்கு போதும் அந்த எல்லையைத் தாண்டுவதற்கு.

இளைஞர்களின் முறைப்பாடு வேறு. அவர்களுக்குக் கீழ்ஸ்தாயி போதாது. மெல்லிய ஒலியில் கீழ் அதிர்வெண்களைச் செவி குறைவாகவே உணரும் என்பதை 1933இல் பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் அளந்து காட்டினர். அதனை ஈடுசெய்ய 'பேஸ்' குமிழை 10 தெசிபெல் ஏற்றினால் அந்தப் பகுதிக்குச் சக்தி பத்து மடங்கு வேண்டும். இருபது வாட்டையும் விழுங்குவது பெரும்பாலும் அந்தக் குமிழே. குமிழைச் சற்று இறக்கிவிட்டு, ஒலிபெருக்கியைச் சுவருக்கு அண்மையில் நகர்த்திப் பாருங்கள். சுவர் இலவசமாகவே கொஞ்சம் கொடுக்கும்.

அன்று மாலை ஆசிரியர் எம்முடன் அதிகம் பேசவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம். படியிறங்கும்போது, "அப்படியானால் அம்பிளிபயரில் பிழை இல்லை என்கிறீர்கள்" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். காது வைத்தியரை ஒருமுறை பார்க்கும்படி நாம் சொல்ல வாயெடுத்தோம். பேத்தி கண்ணாலே தடுத்துவிட்டாள். தானே சொல்லிக்கொள்வாள் என்று விளங்கிற்று.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் அந்த முத்துக் கையெழுத்திலே ஒரு கடிதம். வைத்தியரிடம் போனாராம். இரண்டு செவியிலும் மேல் அதிர்வெண்கள் குறைந்திருக்கின்றன என்று வரைபடம் போட்டுக் கொடுத்தார்களாம். அந்த வரைபடத்தின் அச்சுக்களுக்கு ஒழுங்காகப் பெயரிடவில்லை என்று இரண்டு வரி குறைகூறியிருக்கிறார். 200 வாட்டுக்கென ஒதுக்கிய பணம் செவிக் கருவிகளுக்குப் போயிற்று. அவற்றில் இசை கேட்பது இன்னும் முழுத் திருப்தியாக இல்லை, பழக வேண்டியிருக்கிறது. ஆனால் தாளம் கேட்கிறது. அம்பிளிபயர் அதே 20 வாட்தான். குமிழ், கடிகார முள்ளின் கணக்கில் பதினொரு மணியில் நின்றது, இப்போது ஒன்பது மணியில் நிற்கிறதாம்.

கடிதத்தின் அடியிலே, வேறு கையெழுத்தில், பேத்தியின் குறிப்பொன்று: "மழை பெய்தால் கூரை இவ்வளவு சத்தம் போடுமா என்று தாத்தா தினமும் கேட்கிறார்."